நஞ்சன்கூட்டில் இரண்டாயிரம், மைசூரில் மூவாயிரம்

2017 ஏப்ரல் 1 அன்று மைசூர் வட்டாரத்துக் கணக்குதாரர்களுக்கு ஒரே நாளில் இரண்டு காரியங்கள் நடந்தன. நூறாண்டு கடந்த ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர், ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவில் கரைந்துபோனது. 2012இல் கைவிட்ட மினிமம் பேலன்ஸ் அபராதத்தை ஸ்டேட் பேங்க் மறுபடி கொண்டுவந்ததும் அதே தேதியில்தான். பெருநகரக் கிளையில் கணக்கு என்றால் மாதம் முழுக்கச் சராசரியாக 5,000 ரூபாய் இருக்க வேண்டும், நகரக் கிளையில் 3,000, சிறுநகரத்தில் 2,000, கிராமத்தில் 1,000.

நஞ்சன்கூடு சிறுநகரம். கபினிப் பாலத்தைத் தாண்டி இருபத்து சொச்சம் கிலோமீட்டர் வடக்கே போனால் மைசூர், அது நகரம். தெற்கே, கிழக்கே எந்தப் பக்கம் நடந்தாலும் கிராமங்கள். ஆக, ஒரே வங்கியில், ஒரே வகை சேமிப்புக் கணக்குக்கு, அரைமணி நேரப் பஸ் தூரத்துக்குள் மூன்று விலை. கணக்கு வைத்திருப்பவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது இந்த விலையில் வராது. கிளை இருக்கும் ஊரில் எத்தனை தலை என்பதுதான் வரும். பத்தாயிரத்துக்குக் குறைந்தால் கிராமம், அதிலிருந்து ஒரு லட்சம் வரை சிறுநகரம், பத்து லட்சம் வரை நகரம், அதற்கு மேல் பெருநகரம் என்பது ரிசர்வ் வங்கியின் பாகுபாடு. 2011 கணக்கெடுப்பில் நஞ்சன்கூடு ஐம்பதாயிரத்தைச் சுற்றி நின்றது. ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலுக்குத் தேர்த் திருவிழா அன்று வரும் கூட்டம் அந்தக் கணக்கில் சேராது.

நல்ல உள்ளூர் வங்கி எது, கட்டணம் குறைவாகப் பிடிப்பது எது என்று இந்த ஊரில் ஒருவர் கேட்டால், 2017க்கு முன்பு பதில் சொல்வது சுலபம். மைசூர் பேங்க். 1913இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், விஸ்வேஸ்வரய்யா தலைமையிலான குழுவின் யோசனைப்படி பேங்க் ஆஃப் மைசூர் என்ற பெயரில் தொடங்கியது. 1960இல் ஸ்டேட் பேங்கின் துணை வங்கியானது. பெங்களூரில் அதன் தலைமைக் கட்டடம் நிற்கும் சந்திப்பை இன்றைக்கும் பஸ் கண்டக்டர்கள் மைசூர் பேங்க் சர்க்கிள் என்றே கூவுகிறார்கள். பாஸ்புக்கில் மட்டும் பெயர் மாறியது, எஸ்.பி.எம்.ஒய். என்று தொடங்கிய ஐ.எஃப்.எஸ்.சி. எண் எஸ்.பி.ஐ.என். ஆனது.

மைசூர் பேங்க் மட்டும் போகவில்லை. வங்கிகளைப் பெற்றுத் தள்ளிய மாநிலம் கர்நாடகம். 1906இல் மங்களூரில் கனரா வங்கியும் உடுப்பியில் கார்ப்பரேஷன் வங்கியும், 1924இல் மங்களூரில் கர்நாடகா வங்கி, 1925இல் உடுப்பியில் சிண்டிகேட், 1931இல் மங்களூரில் விஜயா. விஜயா 2019இல் பேங்க் ஆஃப் பரோடாவுக்குப் போனது. மறு ஆண்டு கார்ப்பரேஷன் யூனியன் பேங்கோடும் சிண்டிகேட் கனராவோடும் சேர்ந்தன. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த காவேரி கிராமீண வங்கியும் 2019இல் இணைக்கப்பட்டு, தலைமையிடம் பல்லாரிக்கு மாறியது. நஞ்சன்கூட்டு விவசாயிக்குப் பல்லாரி என்பது ஒரு ராத்திரிப் பயணம். கிளை அதே தெருவில் இருக்கலாம், மேனேஜர் கன்னடமோ தமிழோ பேசலாம். ஆனால் எந்தக் கணக்கில் எவ்வளவு பிடிப்பது என்று முடிவு செய்யும் மேஜை ஊரை விட்டு எங்கோ போய்விட்டது. இதை ஏக்கத்தோடு சொல்ல வேண்டியதில்லை, பழைய வங்கிகளும் தர்மசாலைகளாக நடக்கவில்லை. ஆனாலும் சிண்டிகேட் வங்கி 1928இல் தொடங்கிய பிக்மி திட்டத்தை நினைக்காமல் இருக்க முடியாது. வங்கி ஆள் தினமும் வாசலுக்கு வந்து இரண்டணா வாங்கிக்கொண்டு போவார். தினமும் கொஞ்சமாகக் காசு பார்க்கிற ஆட்களுக்காகவே யோசித்து உண்டாக்கிய சேமிப்பு அது. கர்நாடகச் சிறுநகரக் கடைவீதிகளில் பிக்மி வசூல் இன்றும் ஓய்ந்துவிடவில்லை.

மினிமம் பேலன்ஸ் என்பது இதற்கு நேர் எதிரான கற்பனையில் பிறந்தது. முதல் தேதி சம்பளம் விழும், மாதக் கடைசி வரை அதில் கொஞ்சம் தங்கும் என்று நம்புகிற ஒருவர் போட்ட கணக்கு அது. சராசரி மாத இருப்பை வங்கி எப்படிப் பார்க்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கில் இருக்கும் தொகையைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுக்கிறார்கள். 2,000 சராசரி வேண்டுமென்றால் 30 நாள் கூட்டுத்தொகை 60,000 வர வேண்டும். ஒருவர் மாதம் முழுக்க ஒரு நாள்கூட 1,900க்குக் கீழே இறங்காமல், அதற்கு மேலும் ஏறாமல் கண்ணும் கருத்துமாக வைத்திருக்கிறார். அவருடைய கூட்டு 57,000, அபராதம் உண்டு. இன்னொருவர் ஒரே ஒரு ராத்திரி 60,000 ரூபாயைக் கணக்கில் தூங்கவிட்டு, காலையில் முழுவதையும் எடுத்துவிட்டு, மீதி 29 நாள் கணக்கைக் காலியாகவே வைத்திருக்கிறார். அவருக்கு அபராதம் கிடையாது. விதி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆனால் அறுபதாயிரத்தை ஒரு ராத்திரிக்குப் புரட்டக்கூடியவர் யார் என்று ஊருக்கே தெரியும்.

நஞ்சன்கூட்டில் பணம் மாதக் கணக்குப் பார்த்து வருவதில்லை. பங்குனியை ஒட்டி நடக்கும் தொட்ட ஜாத்ரெ என்ற தேர்த் திருவிழாவில் ஐந்து தேர் ஓடும். அந்த நாட்களில் பூ, தேங்காய், பொம்மை, வளையல் விற்பவர்களின் கைக்கு வருவது பிறகு பல மாதங்களுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டிய காசு. ஊருக்குப் பெயர் வாங்கித்தந்த ரசபாளே வாழை புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் வாடல் நோயில் அடிபட்டுச் சொற்ப ஏக்கரில் நிற்கிறது. வாழைத் தோட்டக்காரருக்குத் தார் வெட்டும்போது பணம், அதற்கு முன் ஏறக்குறைய ஓராண்டு செலவு. திங்கட்கிழமைக் கூட்டத்தையும் அமாவாசைக் கூட்டத்தையும் நம்பிக் கடை விரிப்பவருக்கு மாதம் என்பதே ஒரு அலகு கிடையாது. இவர்களுடைய பாஸ்புக்கைத் திறந்தால் ஒரு நாள் வீங்கியும் பல வாரம் வற்றியும் கிடக்கும். வருடச் சராசரி எடுத்தால் பலர் தேறிவிடுவார்கள். மாதச் சராசரியில் ஜாத்ரெ மாதம் போக மற்ற மாதங்களில் தோற்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மாதச் சம்பளத்தை மனதில் வைத்து உண்டான விதி மாதச் சம்பளக்காரரைத் தொடுவதே இல்லை. நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் காபித் தூள் ஆலையிலிருந்து மருந்து ஆலை வரை இருக்கின்றன. அங்கே வேலை பார்ப்பவருக்குக் கம்பெனி திறந்து கொடுப்பது சம்பளக் கணக்கு. அதில் குறைந்தபட்ச இருப்பே கேட்பதில்லை. கம்பெனி மொத்தமாக ஆயிரம் கணக்கு கொண்டுவருகிறது, வங்கி சலுகை தருகிறது. வேலை போய், சில மாதம் சம்பளம் விழாவிட்டால், அந்தக் கணக்கு சத்தமில்லாமல் சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடும். அதாவது, சம்பளம் உள்ளவரை விலக்கு, சம்பளம் நின்றபிறகு விதி. 2020 மார்ச் கடைசியில் ஒரு மருந்து ஆலையை மையமாக வைத்து நஞ்சன்கூட்டில் கொரோனா பரவி ஊரே அடைபட்டுக் கிடந்தபோது, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மூன்று மாதத்துக்கு எந்த வங்கியும் மினிமம் பேலன்ஸ் அபராதம் பிடிக்கக் கூடாது என்று அறிவித்திருந்தார். அதற்குச் சில நாள் முன்பே, மார்ச் 11இல், ஸ்டேட் பேங்க் தன் சேமிப்புக் கணக்குகள் எல்லாவற்றிலும் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது.

நடுவில் கழிந்த மூன்றாண்டில் நடந்தது சின்ன விஷயமில்லை. 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதத்தில் ஸ்டேட் பேங்க் இந்த அபராதமாக வசூலித்தது 1,771 கோடி ரூபாய். அந்த ஆண்டின் இரண்டாவது காலாண்டில் வங்கியின் லாபம் 1,581 கோடி. காலாண்டு லாபத்தை மிஞ்சிய தொகை, கணக்கில் பணம் குறைவாக வைத்திருந்தவர்களிடமிருந்தே வந்தது என்று பத்திரிகைகளில் வந்ததும் கூச்சல் எழுந்தது. 2018 ஏப்ரலில் அபராதம் குறைந்தது. சிறுநகரங்களுக்கு அதிகபட்சம் 40 ரூபாயாக இருந்தது 12 ஆனது, ஜி.எஸ்.டி. தனி. 40 ரூபாய் ஒரு பெரிய தொகையா என்று கேட்பவர்கள் உண்டு. அப்போது சேமிப்புக்கு வட்டி ஆண்டுக்கு 3.5 சதவீதம். 2,000 ரூபாயை வருடம் முழுக்க வைத்திருந்தால் வட்டி 70 ரூபாய். ஒரு மாதம் தவறினால் வரியோடு சேர்த்து 47 ரூபாய் 20 காசு வரை. எட்டு மாத வட்டி ஒரே மாத அபராதத்தில் போய்விடும்.

ரிசர்வ் வங்கி கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்றும் சொல்ல முடியாது. 2014 நவம்பரில் அது போட்ட உத்தரவு நல்ல உத்தரவுதான்: இருப்பு குறைந்தால் முதலில் தகவல் சொல்ல வேண்டும், நிரப்ப ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும், எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில்தான் பிடிக்க வேண்டும், இந்த அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸில் போகக் கூடாது. கடைசி நிபந்தனையின் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும். மைனஸில் போகக் கூடாது. பூஜ்யம் வரை போகலாம். மாநிலங்களவைக்கும் மக்களவைக்கும் அரசு தந்த பதில்களில் அவ்வப்போது இந்தக் கணக்கு வெளியே வரும். 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இப்படி வசூலித்தது சுமார் 8,495 கோடி. ஸ்டேட் பேங்க் முதலாண்டோடு நிறுத்திக்கொண்ட பிறகும் இவ்வளவு.

2023இல் கர்நாடக, தமிழ்நாட்டு அரசுகள் பெண்களின் கணக்கில் நேரடியாகப் பணம் போடத் தொடங்கின. ஆகஸ்ட் 30 அன்று மைசூரில் தொடங்கிய கிருஹலட்சுமி திட்டத்தில் குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய். செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய். தமிழ்நாட்டில் முதல் தவணை விழுந்த சில நாளிலேயே, மினிமம் பேலன்ஸுக்கும் சேவைக் கட்டணத்துக்கும் என்று வங்கிகள் அதில் கைவைப்பதாகப் புகார் வந்தது. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளை வெளிப்படையாகக் கண்டித்து அறிக்கை விட வேண்டியிருந்தது. அரசு ஒரு பெண்ணுக்குச் செலவுக்கென்று ஆயிரம் தருகிறது; வங்கியின் கணினி அந்தக் கணக்கு எத்தனை மாதமாகக் காலியாகக் கிடந்தது என்று பழைய பாக்கியைப் பார்க்கிறது. மைசூரில் கிருஹலட்சுமி தந்த தொகையும், 2017இல் நஞ்சன்கூட்டுக் கணக்கில் தொடாமல் கிடக்க வேண்டும் என்று ஸ்டேட் பேங்க் கேட்ட தொகையும் ஒன்றே.

இதற்கெல்லாம் மாற்று ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 2005இல் ரிசர்வ் வங்கி எளிய கணக்குகளைத் திறக்கச் சொன்னது. அந்த ஆண்டு முடிவதற்குள் புதுச்சேரி அருகே மங்கலம் என்ற கிராமத்தில் எல்லா வீட்டுக்கும் இந்தியன் வங்கி கணக்கு திறந்து கொடுத்தது, நாட்டிலேயே அப்படி ஆன முதல் கிராமம் என்று பெயர் வாங்கியது. 2012இல் அது அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று முறைப்பட்டது. மினிமம் பேலன்ஸ் கிடையாது, ஏ.டி.எம். கார்டு இலவசம், பணம் போட வரம்பில்லை, மாதம் குறைந்தது நான்கு முறை கட்டணமின்றி எடுக்கலாம். 2014 ஆகஸ்டில் வந்த ஜன்தனும் இந்த அடித்தளத்தில் எழுந்ததுதான். ஆனால் ஜன்தன் முகாமில் போனவருக்கு மட்டுமே இது என்று பலர் நினைத்திருக்கிறார்கள். எந்த வங்கியிலும், யார் வேண்டுமானாலும், ஏற்கெனவே சாதாரணக் கணக்கு வைத்திருப்பவரும் அதை அடிப்படைக் கணக்காக மாற்றிக் கேட்கலாம். ஒரே வங்கியில் அதோடு இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். கவுன்டரில் இதை யாரும் வலிய வந்து சொல்வதில்லை; விற்பனை இலக்கில் இது வராது.

அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. ஐ.ஐ.டி. மும்பையின் பேராசிரியர் ஆஷிஷ் தாஸ் 2021இல் எழுதிக் காட்டியது: மாதம் நான்கு முறைக்கு மேல் பணம் எடுத்தால், அது யு.பி.ஐ. மூலம் போனாலும், ஒவ்வொன்றுக்கும் 17 ரூபாய் 70 காசு. 15 ரூபாய் கட்டணம், மீதி ஜி.எஸ்.டி. 2015 முதல் 2020 வரை சுமார் 12 கோடி அடிப்படைக் கணக்குகளிலிருந்து ஸ்டேட் பேங்க் இப்படி 300 கோடிக்கு மேல் வாங்கியிருந்தது. டீக்கடையில் பத்து ரூபாய் ஸ்கேன் செய்தவருக்கு டீயைவிடப் பிடித்தம் அதிகம். யு.பி.ஐ., ரூபே பரிவர்த்தனைகளில் 2020 ஜனவரி 1 முதல் வாங்கியதைத் திருப்பித் தரும்படி மத்திய நேரடி வரிகள் வாரியம் 2020 ஆகஸ்டிலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருந்தது.

நஞ்சன்கூடு வரை வந்துவிட்டுத் திப்பு சுல்தானைச் சொல்லாமல் திரும்புவது வழக்கமில்லை. தன் யானையின் கண்நோய் தீர்ந்ததற்காக இந்தக் கோயிலுக்கு மரகத லிங்கம் கொடுத்து, சிவனை ஹக்கீம் நஞ்சுண்டா என்று அழைத்தார் என்பது ஊர்க்கதை. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொன்று, திப்புவின் வணிகத் துறைக்கான ஒழுங்குமுறைகளில் இருக்கிறது. அரசு நடத்தும் வாணிபத்தில் குடிகள் பணம் போடலாம். போட்ட தொகை சிறிதாக இருந்தால் லாப விகிதம் அதிகம், பெரிதாக ஆக ஆக விகிதம் குறைவு. அது எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்தது என்பது வேறு பேச்சு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உட்கார்ந்து யோசித்த ஒரு குமாஸ்தாவுக்குச் சின்னப் பணத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

கட்டணம் கசந்து, தெருக்கோடியில் உள்ள கூட்டுறவு சங்கத்துக்குப் போகலாமே என்று சிலர் யோசிப்பார்கள். உண்மையிலேயே உள்ளூர்க்காரர்கள் நடத்துவது, தலைவரைக் கோயில் வாசலில் பார்க்கலாம், கட்டணம் சொற்பம். ஆனால் கர்நாடகத்தில் பெயர்ப் பலகையை நின்று படிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற கூட்டுறவு வங்கியில் போடும் பணத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. 1997 சட்டத்தின் கீழ் நடக்கும் சௌஹார்த சஹகாரி சங்கங்களிலும், விவசாயக் கடன் சங்கங்களிலும் போட்டதற்கு அந்தக் காப்பீடு இல்லை. காப்பீடு உள்ள இடத்திலும் நிம்மதி முழுசாக இல்லை. 2020 ஜனவரியில் பெங்களூர் பசவனகுடியில் உள்ள ஸ்ரீ குரு ராகவேந்திர சஹகாரா வங்கியை ரிசர்வ் வங்கி கட்டுப்படுத்தியபோது, ஓய்வூதியப் பணத்தை மொத்தமாகப் போட்டிருந்த முதியவர்கள் 35,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் நின்றார்கள். காப்பீடு ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் ஆனது அடுத்த மாதம்தான்.

வியாபாரிகள் விஷயம் தனி. முறைப்படி கடைக்காரர் கரண்ட் அக்கவுண்ட் வைத்திருக்க வேண்டும். அதற்கு வட்டி கிடையாது, கேட்கும் இருப்போ சேமிப்புக் கணக்கைவிடப் பல மடங்கு. சின்னக் கடைக்காரர் சேமிப்புக் கணக்கிலேயே கியூ.ஆர். அட்டையை மாட்டிக் காலம் தள்ளுகிறார்.

2025இல் காற்று திசை மாறியது. ஜூன் 1 முதல் கனரா வங்கி எல்லாச் சேமிப்புக் கணக்குகளிலும் மினிமம் பேலன்ஸ் அபராதத்தை எடுத்தது. அடுத்த மாதம் பஞ்சாப் நேஷனல், பேங்க் ஆஃப் பரோடா, இந்தியன் வங்கி பின்தொடர்ந்தன. அடுத்த மாதமே ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி எதிர்ப்பக்கம் போனது. புதிதாகக் கணக்கு திறப்பவர் நகரத்தில் 50,000, நஞ்சன்கூடு போன்ற சிறுநகரத்தில் 25,000, கிராமத்தில் 10,000 வைத்திருக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பிய சில நாளில் 15,000, 7,500, 2,500 என்று இறங்கி வந்தது. எவ்வளவு கேட்பது என்பது அந்தந்த வங்கியின் முடிவு என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சொல்லிவிட்டார். வாடிக்கையாளர்களில் யார் வேண்டும், யார் வேண்டாம் என்று வங்கி வெளிப்படையாகச் சொல்வதில் ஒரு நேர்மை இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆக, இன்றைக்கு நஞ்சன்கூட்டில் அபராதத்துக்குப் பயந்து வங்கி தேட வேண்டிய நிலை பெரும்பாலும் இல்லை. பொதுத்துறை வங்கியின் படி ஏறினால் போதும். தபால் நிலையத்திலும் 500 ரூபாயில் கணக்கு ஓடும், வட்டி 4 சதவீதம். ஸ்டேட் பேங்க் தருவது 2.5. கண் வைக்க வேண்டியது இனி சில்லறைக் கட்டணங்களின் மேல்: டெபிட் கார்டுக்கு ஆண்டுக்கட்டணம், எஸ்.எம்.எஸ். கட்டணம், செக் புத்தகம், இலவச எண்ணிக்கை தாண்டிய ஏ.டி.எம்.முக்கு 2025 மே முதல் 23 ரூபாய் வரை. இங்கேயும் ஊர்க்கணக்கு வருகிறது. வேறு வங்கி ஏ.டி.எம்.மில் நஞ்சன்கூட்டில் ஐந்து முறை இலவசம், அதே கார்டுக்குப் பெங்களூரில் மூன்று முறை.

தனியார் வங்கிகளில் ஊருக்கு ஊர் விலை இன்னும் நிற்கிறது; அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் 2011இன் தலைக்கணக்கு. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்தாகிவிட்டது. பத்து லட்சத்துக்கு உள்ளே நின்ற மைசூர் அதைத் தாண்டலாம். மைசூர் சாலையோரம் வீட்டுமனைகளும் ஆலைகளும் பெருகிய கிராமங்களில் சில பத்தாயிரத்தைத் தாண்டிச் சிறுநகரம் ஆகலாம். ஐ.சி.ஐ.சி.ஐ.யின் இப்போதைய அட்டவணை அப்படியே இருந்தால், அங்கே 2,500 வைத்திருந்த ஒருவர், வருமானம் ஒரு ரூபாய் கூடாமல், வீடு மாறாமல், பக்கத்தில் ஆட்கள் குடிவந்த ஒரே காரணத்துக்காக 7,500 வைத்திருக்க வேண்டிவரும்.